கடல் மூடியிருந்த நாள்

அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது ஒரு ஆளை அறைந்துகொண்டிருந்தார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத்தோப்பைத் தாண்டினால் வரும் மீனவர் குப்பம் அது. அறை வாங்கியவன் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன். குடித்துவிட்டுக் கடலில் இறங்கியிருக்கிறான். அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இவர்தான் நீந்திப் போய், முடியைப் பிடித்து இழுத்துவந்து மணலில் போட்டார். குடித்த தண்ணீரையெல்லாம் அவன் கக்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே குந்திக்கொண்டு முதுகைத் தட்டிக்கொடுத்தார். கண்ணைத் திறந்ததும் விட்டார் பளாரென்று ஒன்று. "இன்னாடா, உங்க வூட்டு பாத்ரூம்னு நெனச்சிகினியா?" என்று கேட்டார். கணவரோடும் மகளோடும் சுண்டல் தின்றுகொண்டிருந்த நான் என்னை மறந்து கைதட்டிவிட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். யாராவது மெச்சினால் அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

அலையில் சறுக்கும் பலகை செய்வதுதான் அவர் தொழில். இந்தக் கரையில் அதைக் கையால் செய்த முதல் ஆள் அவர்தான். இதை நான் சொல்லவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் அவரே சொல்வார். "இந்தியாவுலயே நாந்தான் மொத ஆளு" என்பார். பக்கத்தில் இருக்கும் அவர் மனைவி, "நேத்து தமிழ்நாட்டுலன்னு சொன்ன. ராவோட ராவா இந்தியா ஆயிடுச்சா?" என்பார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

சுனாமிக்குப் பிறகு குப்பத்துக்கு ஃபைபர் படகுகள் வந்தபோது அவற்றைப் பழுது பார்க்கப் பழகிக்கொண்டவர் அவர். ரெசின் என்கிற அந்தப் பசையும் கண்ணாடி நாரும் அவர் கைக்கு வசப்பட்டுவிட்டன. ஒரு வெள்ளைக்காரர் உடைந்த பலகை ஒன்றை விட்டுவிட்டுப் போக, உள்ளே என்னதான் இருக்கிறது என்று ரம்பத்தால் அதை இரண்டாக அறுத்துப் பார்த்தார். மீன் பெட்டிக்கு வரும் தெர்மாகோல் மாதிரி ஏதோ இருந்தது. இவ்வளவுதானா என்று தெர்மாகோலைச் செதுக்கி, அதன் மேல் படகுக்குப் பூசும் ரெசினை ஊற்றினார். அது புகைந்தது. அவர் கண்ணெதிரிலேயே முழுப் பலகையும் கரைந்து தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. அந்த ரெசின் தெர்மாகோலைத் தின்றுவிடும் என்று அவருக்குச் சொல்ல அன்றைக்கு ஆளில்லை. மறுபடி செதுக்கி, மரப்பசையில் நனைத்த வேட்டித் துணியை மேலே சுற்றிக் காயவைத்து, அப்புறம் ரெசின் பூசினார். இந்தத் தடவை கரையவில்லை, ஆனால் வீட்டுக் கதவு கனம் கனத்தது. அதில் நின்றுகொண்டே அவர் அலையில் வந்ததைக் குப்பமே பார்த்ததாம். "அதுக்கு ஒரு வேட்டி போச்சு. அதுவும் கல்யாண வேட்டி" என்று அண்ணி இந்தக் கதையை முடிப்பார்.

நான் கல்பாக்கத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள். பிறந்தது அச்சரப்பாக்கம் பக்கம். அப்பா அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்து எங்களைப் படிக்கவைத்தார். தண்ணீர் என்றால் எங்களுக்கு ஏரியும் கிணறும்தான். அதிலும் எல்லாக் கிணறும் இல்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு அலையில் ஏறி நிற்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்க் கேட்டேன். தலையிலிருந்து கால்வரை என்னை ஒரு பார்வை பார்த்து, "உனுக்கா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே கற்றுக்கொண்டேன். எனக்கு ரோஷம் மூக்கின் மேல் இருக்கும்.

எனக்கென்று அவர் செய்துகொடுத்த பலகை நல்ல அகலம். "இன்னாண்ணே இவ்ளோ பெருசு?" என்று கேட்டதற்கு, "ஒல்லியா செஞ்சா நீ ஒரு பக்கம் போவ, பலக ஒரு பக்கம் போவும். உனுக்கு கட்டுமரந்தான் சரி" என்றார். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அதில் ஏறி நிஜமாகவே நின்றுவிட்டேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவர் போட்ட கூச்சல் இருக்கிறதே! "எம் பலகடா! பாரு, யார நிக்க வெச்சிகீதுன்னு பாரு!" என்று கரையைப் பார்த்துக் கத்தினார். அதற்குப் பிறகு அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் யார் நன்றாக நின்றாலும் எல்லோரும் சேர்ந்து "எம் பலகடா!" என்று கத்துவது வழக்கமாகிவிட்டது.

கரையைப் பார், கரையைப் பார் என்று உயிரை எடுப்பார். "கரையில ஒரு அடையாளம் வெச்சிக்க. தண்ணி உன்ன தூக்கினு போறது உனுக்கு தெரியாது. கரைய பாத்தாதான் தெரியும்." வடக்கிலிருந்து தெற்கே தண்ணீர் ஓடும் காலத்தை வன்னி என்பார்கள். வன்னி ஓடும்போது கண்ணை மூடித் திறப்பதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடலாம் என்று பயமுறுத்துவார்.

அவரோடு பெரிய சண்டை போட்டது ஒரே ஒருமுறைதான். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்து, விடியும்போதே போய் நின்றேன். அலை அப்படி ஒரு அழகாக மடிந்துகொண்டிருந்தது. ஆனால் படகெல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. பலகை செய்யும் பட்டறையைப் பூட்டிவிட்டு அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கி கடல் மூடிகீது. வூட்டுக்கு போ."

"கடலுக்கு இன்னா கதவா இருக்குது?"

"கீது. உனுக்கு கண்ணு தெரியல."

குப்பத்தில் வயதான ஒருவர் அன்று காலை இறந்திருந்தார். ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடிகிறவரை யாரும் கடலில் கால் வைக்க மாட்டார்கள். நான் விடவில்லை. பலகை என்ன படகா, நான் என்ன மீனா பிடிக்கப் போகிறேன் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் ஆச்சரியம். "அந்தாளு அங்க பொணமா கெடக்குறாரு. நாம அலையில ஆடிகினு கெடந்தா நல்லாவா கீது? அவரு கெடக்குற வரைக்கும் கடலும் சும்மா கெடக்கட்டும். போட்டுன்னாலும் அதான், பலகன்னாலும் அதான்" என்றார். சாயந்திரம்வரை அந்த அலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். கால்கூட நனைக்கவில்லை என்று அண்ணி சொன்னார்.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுப்பாடு எனக்குத் தெரியாது என்று நான் பிறகு எங்கேயும் தப்பித்துக்கொள்ள முடியாது.

பலகையைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் அவர் நெஞ்சில் சேர்ந்துகொண்டே இருந்தது. மூக்கில் ஒரு துணி கட்டுங்கள் என்றால், "கடல் காத்துல எல்லாம் போயிடும்" என்பார். போகவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்காமல், போன தை மாதம் ஒரு விடியற்காலையில் இறந்துபோனார். திருக்கழுக்குன்றம் வழியாக ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள்.

ரோஜா மாலை வாங்கிக்கொண்டு ஓடினேன். சாவு வீட்டில் எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒருவருக்கொருவர் அக்கா, தங்கச்சி, நாத்தனார். நான் யார்? செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஷாமியானா ஓரத்தில் நின்றேன். யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை, அல்லது சொன்னது என் காதில் விழவில்லை. அண்ணி நிமிர்ந்து ஒருமுறை கூட்டத்தில் யாரையோ தேடினார். அது என்னையாக இருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மாலையைக்கூடப் போடாமல், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சாவு வீட்டில்கூட எனக்கு ரோஷம்தான்.

வெளியே சென்னைப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள். சனி ஞாயிறுகளில் வந்து அவரிடம் கற்றுக்கொண்டு, அவர் செய்த பலகைகளையே வாங்கியவர்கள். வெளிநாட்டில் இப்படி ஒருவர் இறந்தால் கூட்டாளிகள் பலகையோடு கடலுக்குள் போய், வட்டமாக உட்கார்ந்து, பூப்போட்டு, தண்ணீரை வாரி இறைத்துச் சத்தம் போட்டு வழியனுப்புவார்களாம். வீடியோவும் காட்டினார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. ஒருத்தி மட்டும், "ஆன்ட்டி, இன்னிக்கே பண்ணலாமா? ஊர்ல எதுவும் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

என்னைத்தான் கேட்டாள். விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் அங்கே. "அடக்கம் முடியட்டும்மா, நாளைக்குப் பண்ணலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவருக்காக எறங்கறதுல என்ன தப்பு? தோப்புக்கு அந்தாண்ட போய் எறங்கிடலாம், ஊருக்குத் தெரியாது." மறைக்க வேண்டும் என்று தோன்றியதே, அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? என் பலகை அவர் பட்டறையில் இருந்தது. அதை எடுக்கப் போனால் யாராவது கேட்பார்கள் என்று ஒரு பையனிடம் இரவல் வாங்கிக்கொண்டேன். அந்த வீட்டில் எனக்கு இடமில்லை, கடலில் இருக்கிறது, அவருக்கு நாங்கள்தான் உண்மையான ஆட்கள் என்று எனக்குள் ஒரு திமிர் ஏறியிருந்தது.

தோப்புக்கு வடக்கே இறங்கினோம். அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய் வட்டமாக உட்கார்ந்தோம். என் மாலையைப் பிய்த்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். ஒவ்வொருவரும் ஏதோ சொன்னார்கள். நான் அவர் அந்தக் குடிகாரனை அறைந்த கதையைச் சொன்னேன். அவர் மாதிரியே பேசிக் காட்டினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் தண்ணீரை வாரி இறைத்து, "எம் பலகடா! எம் பலகடா!" என்று தொண்டை கிழியக் கத்தினோம். நான் கரையைப் பார்க்கவே இல்லை. வன்னி ஓடிக்கொண்டிருந்தது.

ஒருவன்தான், "ஆன்ட்டி, அங்க பாருங்க" என்றான். நேர் எதிரே குப்பம். கரை முழுக்க ஜனம் வரிசையாக நின்றது. பறைச் சத்தம் எப்போது நின்றதோ தெரியவில்லை. ஒருவர் சிவப்புத் துண்டை அவிழ்த்துத் தலைக்கு மேலே வீசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கத்தான் ஊரே வந்து நிற்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நெஞ்சு நிறைந்துபோனது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். பிள்ளைகளும் ஆட்டினார்கள். துண்டு இன்னும் வேகமாகச் சுழன்றது. நாங்களும் இன்னும் வேகமாக ஆட்டினோம்.

பிறகுதான் அவர் பட்டறைக்கு முன்னால், மணலில் இறக்கிவைத்திருந்த பாடையைப் பார்த்தேன்.

கடலில் ஆள் இருக்கும்போது பிணத்தைத் தூக்கக் கூடாது என்று நிறுத்தியிருந்தார்கள். எங்களைக் கூப்பிட வழியில்லை. கத்தினால் அலையில் கேட்காது. படகை இறக்க முடியாது. நீந்தி வர முடியாது. முழங்கால் தண்ணீரில்கூட இறங்க முடியாது. கடல் மூடியிருந்தது. அதனால் பிணத்தை வைத்துக்கொண்டு, நாங்கள் ஆடி முடிக்கும்வரை ஊரே நின்று பார்த்திருக்கிறது.

"திரும்புங்கடா!" என்று அலறினேன். படுத்துக்கொண்டே கரையேற வேண்டும் என்று நினைத்துத்தான் துடுப்பு போல் கைகளைப் போட்டேன். பின்னால் ஒரு அலை வந்து தூக்கியது. பழகின உடம்பு, பாழாய்ப்போன உடம்பு, எழுந்து நின்றுவிட்டது. அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே முழங்காலை மடித்து, கையை விரித்து, அவர் பிணத்துக்கு எதிரே அலையில் சறுக்கிக்கொண்டு வந்து இறங்கினேன். அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு நன்றாக நின்றதில்லை. அங்கேயே குழி தோண்டி என்னையும் போட்டு மூடியிருக்கலாம்.

ஊர்ப் பையன்கள் பலகைகளை உடைக்கத் தயாராக நின்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை. ஊர்த் தலைவர் மட்டும் வந்தார். வயதானவர், கோபத்தைவிட வருத்தம்தான் அவர் முகத்தில் இருந்தது.

"சாவுறதுக்கு முன்னாடி அவந்தான் சொன்னானாம்மே, நான் பூட்டா புள்ளைங்கள கடல்ல எறங்கி பூ போடச் சொல்லுன்னு? அவன் பொஞ்சாதி சொல்லுது. மெய்யாவாம்மா?"

நான் அண்ணியைப் பார்த்தேன். பாடைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தார். அழுது வீங்கிய முகம் என்னையே பார்த்தது. எங்களை அடிவிழாமல் காப்பாற்ற அந்த நேரத்தில் அவர் வாயில் வந்த பொய் அது. சொட்டச் சொட்ட நனைந்துபோய் நின்றுகொண்டு நான், "ஆமாங்க" என்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிகினு செத்திருக்கலாம் அவன்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் திரும்பி நடந்தார். பறை மறுபடி ஒலித்தது. பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடக்கம் முடிந்தும் மறுநாள் படகு இறங்கவில்லை. நடந்த தப்புக்காக இன்னும் ஒருநாள் கடல் மூடியிருக்கட்டும் என்று ஊரில் முடிவு செய்தார்கள். நல்ல மீன் விழுந்துகொண்டிருந்த நேரம். கோபம் எங்கள் மேல் வரவில்லை. அவர் மேல் வந்தது. வாழ்நாளெல்லாம் அந்தக் கட்டுப்பாட்டை மீறாத மனுஷன், செத்த அன்றைக்கு மீறினவன் என்று பெயர் வாங்கிக்கொண்டார். பிள்ளைகளும் அதை நம்பினார்கள். "கடைசி நேரத்துலயும் நம்மள நெனச்சிருக்காரு பாருங்க ஆன்ட்டி" என்று ஒருத்தி அழுதாள். அவளிடமும் நான் வாயைத் திறக்கவில்லை.

கருமாதிக்குப் போனேன். பெரியவர்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எத்தனை பேரை இழுத்துப் போட்டிருப்பான், அவனை மாதிரி நீந்த யாரால் முடியும் என்றெல்லாம் பேசிவிட்டு, தலைவர், "இன்னா பண்றது, போற காலத்துல புத்தி பேஜாராயிடுச்சு" என்றார். எனக்குத் தாங்கவில்லை. எழுந்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு."

"அண்ணி, அவரு பேரு..."

"நீ சொன்னா அவரு நல்லவராயிடுவாரு. நான் ஊரக் கூட்டி பொய் சொன்னவளாயிடுவேன், பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்துகினு. நீ பஸ் ஏறி பூடுவ. நான் இங்கதான் கெடக்கணும்." கையை விடாமலே சொன்னார். "அன்னிக்கி உன்ன எவ்ளோ நேரம் தேடினேன் தெரியுமா? எம் பக்கத்துல வந்து குந்துவன்னு பாத்தேன்."

நான் உட்கார்ந்தேன். இலை போட்டார்கள். தலைவரே வந்து, "சாப்புடும்மா, உங்க மேல அவனுக்கு உசுரு" என்று சொல்லி வடை வைத்தார். சாப்பிட்டேன். அவர் போன வருத்தத்தைவிட இந்த வெட்கம்தான் இன்றைக்கும் என்னைப் பிடுங்கித் தின்கிறது.

போன மாதம் அண்ணியைப் பார்க்கக் குப்பத்துக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கிக் கரைக்கு வந்தால் படகெல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. மீன் விற்கும் அம்மா ஒருவர் இறந்துவிட்டார் என்றார்கள். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "இன்னாக்கா, பலக எடுத்தாரலியா?" என்று கேட்டார்.

"இன்னிக்கி கடல் மூடியிருக்குதே."

"எங்களுக்குத்தான் மூடிகீது. நீங்க எறங்கலாமே. உங்களுக்குத்தான் அண்ணாத்த சொல்லிட்டு பூட்டாரே. செத்தவரு வார்த்தன்னு ஊர்லயும் வுட்டுட்டாங்க." அவர் குத்திப் பேசவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். "உங்க புள்ளைங்க காலைலயே எறங்கிட்டாங்க, பாருங்க" என்று கடலைக் காட்டினார்.

சென்னைப் பிள்ளைகள் தூரத்தில் பலகைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் பறை ஒலித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் விளிம்புவரை ஓடினேன். வாருங்கள் வாருங்கள் என்று கத்தினேன். அலையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கூப்பிடப் போக ஒரு அடி எடுத்து வைத்தேன். நுரை காலுக்கு வந்தது, பின்வாங்கினேன். கடைசியில் துப்பட்டாவை உருவித் தலைக்கு மேலே பிடித்து, கை வலிக்க வலிக்க வீசினேன்.

அவர்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். ஊரில் எதுவும் சொல்ல மாட்டார்களா என்று அன்றைக்கு என்னைக் கேட்டவள்தான் முதலில் பார்த்தாள். இரண்டு கையையும் தூக்கி, சந்தோஷமாக, எனக்குத் திரும்ப ஆட்டினாள்.